கோதிலிருந்து காயக்கட்டுக்கு: கைற்றோசானின் கதை

1811இல் ஆரம்பிக்கிற ஒரு கதை, 1971 வரைக்கும் பெரிசா எங்கேயும் போகவில்லை. 160 வருசம். அந்த இடைவெளியில் ரயில் வந்தது, மின்சாரம் வந்தது, இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிந்தன, மனிதர்கள் நிலவுக்கும் போய்வந்துவிட்டார்கள். இந்தக் கதையின் நாயகன் மட்டும் ஆய்வுகூட அலுமாரிக்குள்ளேயே இருந்தது.

அந்தப் பொருளின் பெயர் கைற்றோசான். இறால், நண்டுக் கோதுகளிலிருந்து செய்யப்படுவது. மண்ணில் தானாக உக்கிப்போகும், மனித உடலுக்குள் வைத்தாலும் மெல்லக் கரைந்துபோகும், தீங்கான பற்றீரியாக்களையும் கொல்லும் என்பதால் இப்போது உலகமெங்கும் ஆராயப்படுகிற ஓர் இயற்கைப் பல்பகுதியம். அது பற்றீரியாவை எப்படிக் கொல்லுது என்ற கேள்வி விஞ்ஞானபீடத்துக்குரியது. கொல்லும் எண்டு கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்ற கேள்வியில் கலைப்பீடத்துக்காரருக்கும் பங்கு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

உடுப்பு என்றொரு பெயர்

பிரான்சின் நான்சி நகரத் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹென்றி பிரகொன்னோ. 1811இல் அவர் காளான்களைக் காரக் கரைசலில் சூடாக்கிப் பார்த்தார். எல்லாம் கரைந்துபோன பிறகும் ஒரு மிச்சம் கரையாமல் நின்றது. மரத்தில் இருக்கிற பொருள் போலத் தெரிந்தது, ஆனால் மரத்தில் இல்லாத நைதரசன் இதில் இருந்தது. 1823இல் ஓகுஸ்த் ஒடியே வண்டுகளின் கடினமான முன்சிறகிலிருந்து இதே மாதிரியான பொருளைப் பிரித்தெடுத்தார். கிரேக்கத்தில் உடலை மூடுகிற அங்கிக்கு 'கைற்றோன்' என்று பெயர். அதிலிருந்து இதற்குக் 'கைற்றின்' என்று பெயர் வைத்தார்.

செலுலோசைப் பற்றிப் பாடசாலையில் படித்திருப்போம். வெல்லத் துணுக்குகள் மணிமாலை போலக் கோர்க்கப்பட்ட நீண்ட சங்கிலி. கைற்றினும் அப்படித்தான், ஆனால் அதன் ஒவ்வொரு மணியிலும் நைதரசன் கொண்ட ஒரு கூட்டம் தொங்குகிறது. அந்த நைதரசனின் தலையில் அசற்றைல் என்கிற ஒரு மூடி இருக்கிறது. இந்த மூடியை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1859இல் ஷார்ல் ரூஜே என்ற பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் கைற்றினைச் செறிந்த காரத்தில் கொதிக்கவைத்தார். எதிலும் லேசில் கரையாத அந்தப் பொருள் இப்போது ஐதான சேதன அமிலத்தில் கரைந்தது. காரம் அந்த மூடிகளைக் கழற்றிவிட்டது என்பதுதான் நடந்தது. 1894இல் ஜெர்மானிய இரசாயனவியலாளர் ஹொப்பே-செய்லர் இந்த மாறிய பொருளுக்குக் கைற்றோசான் என்று பெயர் சூட்டினார்.

இங்கேதான் வரலாறு படிக்கிற ஆளுக்கு ஒரு விசயம் உறுத்தும். 1859க்கும் 1894க்கும் இடைப்பட்ட காலம் சாதாரண காலமில்லை. கிருமிகளால்தான் நோய் வருகிறது என்று உலகம் ஏற்றுக்கொண்ட காலம் அது. லிஸ்டர் 1867இல் காபோலிக் அமிலத்தால் காயங்களைச் சுத்தம் செய்வது பற்றி எழுதினார். கொக் 1882இல் காசநோய்க் கிருமியை அடையாளம் கண்டார். 1884இல் கிராம் தன்னுடைய சாயமூட்டும் முறையை வெளியிட்டார். அதாவது, பற்றீரியாவைக் கொல்ல என்ன வழி என்று ஐரோப்பா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அதே ஐரோப்பாவில், பக்கத்து ஆய்வுகூடத்தில் கைற்றோசான் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

ஏன்? என்னுடைய வாசிப்பு இது. அந்தக் காலத்துக் கிருமி வேட்டைக்காரர்கள் தேடியது நஞ்சுகளை. காபோலிக் அமிலம், பாதரச உப்பு, சாயங்கள், பிறகு 1910இல் எர்லிக்கின் சல்வர்சான். எல்லாம் சிறிய மூலக்கூறுகள், லேசாகக் கரைந்து பரவுகிறவை. கைற்றோசானோ ஒரு பெரிய, நீண்ட, சோம்பேறிச் சங்கிலி. அது ஓடு, தோல், உடுப்பு. பெயரே அப்படித்தான் சொல்லியது. உடுப்புக்குள் ஆயுதம் இருக்குமெண்டு ஆர் தேடுவினம்?

இரண்டு இடமும் பறிபோனது

1928இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். அடுத்த வருடம், பின்னாளில் எல்எஸ்டியால் பேர்போன அல்பேர்ட் ஹொஃப்மன், சூரிச் பல்கலைக்கழகத்தில் கைற்றினின் கட்டமைப்பைப் பற்றி ஆய்வுப் பட்டம் முடித்தார். நத்தையின் குடற்சாற்றைக் கொண்டு கைற்றினை உடைத்துப் பார்த்தார் அவர். அழகான ஆய்வு. அதற்குப் பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

1936இல் அமெரிக்காவின் டூபொன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் றிக்பி, கைற்றோசானிலிருந்து படலமும் நாரும் செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். இதுதான் அதற்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு. ஆனால் அதற்கு முந்தைய வருடமே அதே நிறுவனத்தில் நைலோன் பிறந்துவிட்டது. தொழிற்சாலையில் நூறு தரம் செய்தாலும் நூறு தரமும் ஒரே மாதிரி வருகிற நைலோனுக்கு முன்னால், நண்டுக்கு நண்டு மாறுகிற கோது நிற்க ஏலாது. 1940களில் பெனிசிலின் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்க, கிருமிகொல்லியின் நாற்காலியும் நிரம்பிவிட்டது. கைற்றோசானுக்கு இருந்திருக்கக்கூடிய இரண்டு வேலைகளையும் வேறு இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

ஊத்தைத் தண்ணியும் ஓர் ஏற்றமும்

அதைத் திரும்பவும் கூப்பிட்டது மருத்துவமில்லை, குப்பை.

போருக்குப் பிந்திய யப்பான் வேகமாகத் தொழில்மயமானது. அதற்கு ஒரு விலை இருந்தது. மினமாட்டா விரிகுடாவில் ஒரு இரசாயனத் தொழிற்சாலை கொட்டிய பாதரசம் மீனுக்குள் போய், மீன் சாப்பிட்ட கடலோர மக்களின் நரம்புகளைச் சிதைத்தது. 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. காரணம் இதுதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 வரை எடுத்தது. பாதிக்கப்பட்ட மக்களின் நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு, 1970இல் யப்பானிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசுக்கு எதிரான 14 சட்டங்களை நிறைவேற்றியது. இனி நினைத்தபடி எதையும் தண்ணீரில் விட ஏலாது.

இந்தச் சூழலில்தான் 1971இல் யப்பான் கைற்றோசானைத் தொழில்முறையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. கடலுணவுத் தொழிற்சாலைகளில் மலையாகக் குவிந்த கோது மூலப்பொருள். கழிவுநீரைச் சுத்திகரிப்பது அதன் பயன்பாடு. ஒரு கழிவால் இன்னொரு கழிவைத் தெளியவைத்தார்கள்.

அது எப்படி வேலை செய்தது என்பதில்தான் பற்றீரியாக் கதையின் சாவி இருக்கிறது. மூடி கழன்ற நைதரசன், லேசான அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் ஓர் ஐதரசன் அயனைப் பிடித்துக்கொண்டு நேரேற்றம் பெறுகிறது. சங்கிலி முழுக்க இப்படி நேரேற்றங்கள். ஊத்தைத் தண்ணீரில் மிதக்கிற நுண்துணிக்கைகளில் பெரும்பாலானவை மறையேற்றம் உள்ளவை. அவை கைற்றோசான் சங்கிலியில் ஒட்டி, திரண்டு, பாரமாகி அடியில் படிகின்றன. இயற்கையில் கிடைக்கிற பல்பகுதியங்களில் அனேகமானவை ஏற்றமில்லாதவை, இல்லாவிட்டால் மறையேற்றம் கொண்டவை. நேரேற்றம் கொண்டது மிக அபூர்வம்.

பற்றீரியாவின் மேற்பரப்பும் மறையேற்றம் கொண்டதுதான்.

1977இல் அமெரிக்காவின் பொஸ்டனில் கைற்றின், கைற்றோசான் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு நடந்தது. அலனும் ஹட்விகரும் 1979இல் கைற்றோசான் பங்கசுகளைக் கட்டுப்படுத்துவதை எழுதினார்கள். அடுத்த இருபது வருடத்தில் உணவு விஞ்ஞானிகளும் நுண்ணுயிரியலாளர்களும் பற்றீரியாக்கள்மீது அதைப் பரீட்சித்தார்கள். ஆக, கிருமியைக் கொல்லும் குணத்தைக் காட்டித்தந்த பாதை, கழிவுநீர்த் தொட்டிக்குள்ளால்தான் போனது.

எப்படிக் கொல்லுது?

சுருக்கமாகச் சொன்னால், ஒட்டிப் பிடித்து ஓட்டை போடுகிறது. கொஞ்சம் விரித்துச் சொன்னால் பற்றீரியாவின் வகையைப் பொறுத்துக் கதை மாறும்.

கிராம் மறை பற்றீரியாவுக்கு வெளியே ஒரு மேலதிக மென்சவ்வு இருக்கிறது. அதிலுள்ள மறையேற்ற மூலக்கூறுகளைக் கல்சியம், மக்னீசியம் அயன்கள் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கின்றன. சீமெந்து மாதிரி. கைற்றோசானின் நேரேற்றங்கள் அந்த இடங்களில் போய் அமர, பிணைப்புக் குலைகிறது, சவ்வு காவல் காக்க முடியாமல் தளர்கிறது. 2001இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இந்த வெளிச்சவ்வு குலைவதைக் காட்டினார்கள்.

கிராம் நேர் பற்றீரியாவுக்கு அந்த வெளிச்சவ்வு இல்லை. தடித்த சுவர்தான். ஆனால் அந்தச் சுவருக்குள்ளால் தைக்கோயிக் அமிலம் என்ற மறையேற்றச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கைற்றோசான் அவற்றைப் பிடிக்கிறது. 2008இல் ஜெர்மனியின் பொன் நகர ஆய்வாளர்கள் ஸ்ரபைலோகொக்கசு மீது செய்த ஆய்வு, உள்மென்சவ்வின் மின்னழுத்தம் குலைவதையும், கலத்துக்குள்ளிருக்கிற சிறிய பொருட்கள் வெளியே கசிவதையும் காட்டியது. கைற்றோசானுக்கு ஒரே ஒரு இலக்கு என்று ஒன்றுமில்லை, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிற பல சேதங்களால்தான் பற்றீரியா சாகிறது என்பது அவர்களின் முடிவு.

இந்த 'ஒரே இலக்கு இல்லை' என்பது முக்கியமான இடம். பெனிசிலினுக்குக் குறிப்பான இலக்கு உண்டு. கலச்சுவரைக் கட்டுகிற சில புரதங்களைப் பிடித்து அது முடக்குகிறது. இலக்குக் குறிப்பானதென்றால் தப்புகிற வழியும் லேசு. பெனிசிலினை உடைக்கிற நொதியத்தை ஆபிரகாமும் செயினும் 1940இலேயே அறிவித்துவிட்டார்கள், மருந்து சந்தைக்கு வரமுதலே. பற்றீரியா தன்னுடைய மேற்பரப்பு முழுவதையும் மாற்றிக்கொள்வது அவ்வளவு இலகுவில்லை என்பதால்தான் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிற இந்தக் காலத்தில் கைற்றோசானைப் பார்க்கிறார்கள்.

ஆனால் அவசரப்பட்டுக் கொண்டாடக் கூடாது. அந்த நேரேற்றம் அமிலச் சூழலில்தான் நன்றாக இருக்கும். பி.எச். 6.5ஐத் தாண்ட ஏற்றம் பெரும்பாலும் போய்விடும், கரைதலும் போய்விடும். எங்கட இரத்தத்தின் பி.எச். 7.4. ஆகவே குளிசையாக விழுங்கினால் இரத்தத்தில் ஓடிக் கிருமியைக் கொல்லும் மருந்தல்ல இது. வெளிக்காயம், உணவைப் போர்த்துகிற படலம், விதைப் பூச்சு போன்றவைதான் அதற்குரிய இடங்கள். இதே பொருளை 'கொழுப்பை உறிஞ்சும்' என்று சொல்லி மெலிவுக் குளிசையாக விற்ற ஒரு நிறுவனத்தோடு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2000இல் வழக்காடி ஒரு கோடி டொலர் கட்டவைத்தது. இயற்கை எண்ட சொல்லை ஒட்டினால் எதையும் விற்கலாம் என்ற நினைப்புக்கு அது ஒரு பழைய உதாரணம்.

இன்னுமொரு வேடிக்கை. மூடி கழறாத கைற்றினைக் கடலில் பற்றீரியாக்கள் உணவாகத் தின்கின்றன. கொலரா பற்றீரியா கடலின் சின்னஞ்சிறு ஓட்டுயிர்களில் ஒட்டியே வாழ்கிறது. கோது கடலடியில் குவிந்து கிடக்காமல் உக்கிப்போவது இப்படியான உயிர்களால்தான். ஆக, கிருமிக்குச் சோறு போடுகிற கோதுதான், மூடி கழன்றதும் கிருமிக்கு எமன். எங்கள் உடலுக்குள் அதை உடைப்பது கண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள இலைசோசைம் என்ற நொதியம். அதைக் கண்டுபிடித்தவரும் பிளெமிங்தான், பெனிசிலினுக்கு ஏழு வருடம் முதல்.

யாருடைய காயம்?

கழிவுநீரிலிருந்து காயத்துக்கு அது வந்த வழி வேறு. 1950களில் அமெரிக்காவில் ஜோன் பிரடன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் குழுவினரும் கசியிழையத் தூள் காயத்தை விரைவாக ஆற்றுவதைக் கவனித்தார்கள். 1970இல் அதே வேலையைக் கைற்றினும் செய்வதாக எழுதினார்கள். அதற்குப் பிறகும் முப்பது வருடம் பெரிய அசைவில்லை.

அசைத்தது போர். போர்க்களத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய சாவுகளில் முதலிடம் இரத்தப்போக்குக்கு. அமெரிக்க இராணுவத்தின் நிதியோடு ஒரேகன் மாநிலத்தில் இறால் கோதுக் கைற்றோசானிலிருந்து ஹெம்கொன் என்ற காயக்கட்டு உருவானது. 2002இல் அரசாங்க அனுமதி கிடைத்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சிப்பாய்களின் முதலுதவிப் பைகளில் அது போனது. வேலை செய்கிற விதம் பழையதுதான்: செங்குழியங்களின் மேற்பரப்பும் மறையேற்றம் கொண்டது, அவை கைற்றோசானில் ஒட்டித் திரண்டு அடைப்பாகின்றன. 2006இல் வெளியான அறிக்கையில் பதிவான 64 போர்க்களப் பயன்பாடுகளில் 62இல் இரத்தம் நின்றது அல்லது குறைந்தது. அதே வருடம் பொஸ்டனில், கடுமையாகக் கிருமி தொற்றவைத்த காயங்களுள்ள எலிகளை இந்தக் காயக்கட்டு சாவிலிருந்து காப்பாற்றுவதையும் காட்டினார்கள். குறைகளும் தெரியவந்தன. அது விறைப்பான தகடு, ஆழமான ஒடுங்கிய காயத்துக்குள் மடங்கிப் போகாது. 2008இல் அமெரிக்க இராணுவம் களிமண் கனிமம் பூசிய துணியை முதல் தெரிவாக்கியது. வளையக்கூடிய கைற்றோசான் துணிகள் பிறகு வந்தன.

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை. 2009இன் முதல் மாதங்களில் நந்திக்கடல் கரையில் காயக்காரர் கிடந்த தற்காலிக ஆஸ்பத்திரிகளில் மயக்கமருந்தும் அடிப்படை மருந்துகளும் போதாமல் இருந்ததை ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருக்கிறது. நந்திக்கடல் இறாலுக்குப் பேர்போன களப்பு. இறால் கோதால் இரத்தத்தை நிறுத்தலாம் என்ற அறிவு அப்போது உலகத்தில் இருந்தது, பொதி செய்யப்பட்டு, அனுமதி முத்திரையோடு. அறிவு இருப்பது வேறு, அது யாருடைய காயம்வரை வருகிறது என்பது வேறு. அதை இரசாயனம் தீர்மானிக்காது.

எங்கட கோது

திரும்பிப் பார்த்தால் இந்த 200 வருடக் கதையில் கைற்றோசானின் குணம் ஒருநாளும் மாறவில்லை. 1859இல் ரூஜேயின் பாத்திரத்தில் இருந்தபோதும் அது பற்றீரியாவைக் கொல்லக்கூடியதாகத்தான் இருந்தது. மாறியது யாருக்கு எப்போது தேவைப்பட்டது என்பதுதான். முதலில் அறிஞர்களின் ஆர்வம், பிறகு ஒரு நாட்டின் மாசு, பிறகு ஒரு வல்லரசின் போர். 'கண்டுபிடித்தவர் யார், ஆண்டு எது' என்று பரீட்சைக்கு மனனம் செய்கிற விஞ்ஞான வரலாற்றில் இது வராது.

இப்போது இது எங்களுக்குத் தூரத்துக் கதையுமில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பிடிபடுகிற நீலநண்டின் சதை வெளிநாட்டுக்குப் போகிறது, கோது இங்கே மிஞ்சுகிறது. அதைக் காசாக்கலாம் என்று யாராவது நாளைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். ஆனால் கோதிலிருந்து கைற்றோசான் எடுப்பது இயற்கையான வேலையில்லை. சுண்ணாம்பைக் கரைக்க ஐதரோகுளோரிக் அமிலம், புரதத்தை நீக்கக் காரம், அசற்றைல் மூடியைக் கழற்றச் சூடான, மிகச் செறிந்த காரம், ஒவ்வொரு கட்டத்துக்கும் கழுவ ஏராளம் தண்ணீர். உக்கிப்போகிற பொருளைச் செய்கிற தொழிற்சாலையின் கழிவுநீர் அவ்வளவு சாதுவானதில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் குடிக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே கிடக்கிற கிணற்றுத் தண்ணி. மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர அங்கே நாள்கணக்கு எடுக்காது.

ஆகவே அப்படி ஒரு தொழிற்சாலை வரும்போது, 'இயற்கை', 'உக்கக்கூடியது' என்று பலகையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத் திரும்பி வரக்கூடாது. காரத் தண்ணி எங்கே போகுது, கோது பொறுக்குகிற பெண்களுக்கு எவ்வளவு சம்பளம், செய்கிற காயக்கட்டில் ஒன்றாவது எங்கட ஊர் ஆஸ்பத்திரிக்கு வருமா என்று கேட்கவேண்டும். மினமாட்டா மக்களுக்குப் பதில் கிடைக்கப் பன்னிரண்டு வருசம் எடுத்தது. நாங்கள் முதல் நாளே கேட்கலாம்.